என் அளவு வாழை

ஐப்பசி, செவ்வாய். மழை.

நெஞ்சு வருத்தத்தோடு கிடந்த என்னை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் செக்கிங். தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரப் பிந்திவிட்டது. வாசலில் சாவுத் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து தோட்ட ஆபீசுக்குப் போன் எடுத்தவர் சிங்களத்தில் "இவரய்" என்றாராம். முடிந்துவிட்டதென்று அவர் சொன்னது வைத்தியத்தை. இந்த மடையர்கள் என்னையே முடித்துவிட்டார்கள். குழியும் வெட்டியாயிற்று.

"வெட்டுன குழிய சும்மா மூடக்கூடாதுங்க," என்றார் கங்காணி. "ஒங்க அளவுக்கு ஒரு வாழக்கட்டைய வெச்சு மூடிருவோம். கொஞ்சம் படுங்கண்ணே, அளந்துக்கிறோம்."

மாதக்கணக்காகத் தலையணை அடுக்கிச் சாய்ந்தே தூங்கியவன் நான். படுத்தால் மூச்சு முட்டும். கோபத்தில் அப்படியே தரையில் மல்லாந்தேன். காலிலிருந்து தலைவரை கயிறு பிடித்தார்கள். மூச்சு முட்டவில்லை. டாக்டர் சொன்னது சரிதான், தேறியிருக்கிறேன்.

கட்டையை என் வேட்டியில் சுற்றிப் புதைத்தார்கள். என் மனைவி பார்வதி அழுதாள்.

"கட்டைக்கு ஏன்டி அழுற?"

"தெரியலீங்க."

இப்போது பாய் விரித்து, "இனி நீட்டிப் படுக்கலாமே," என்கிறாள். நான் சுவரில் சாய்ந்தே இருக்கிறேன். மழை விடவில்லை. அங்கே குழியில் மண் ஊறியிருக்கும்.

என் கால் சில்லிடுகிறது.