நாற்பது கேட்டால் இருபது

6 நவம்பர் 1933
அண்ணன் ஜெயராஜ் நாகப்பட்டினத்திலிருந்து எழுதியிருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிந்தபின், கடலுக்கு இப்பால் நான் பார்த்துக்கொள்ளும் சரக்குக் கிட்டங்கியில் பத்துக் கட்டுக் கைலிக்கு மேல் மிஞ்சினால், சாவியை அண்ணியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் மறுபடி பள்ளிக்கூடம் போகலாமாம். பன்னிரண்டு வருஷம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தது போதாதா?

8 நவம்பர்
மார்க்கெட் தெருக் கடைக்காரர் சீனி முகம்மது வந்தார். நாற்பது கட்டு வேண்டுமாம். அவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் எதிர்க்கடை ஷேக் அலாவுதீனும் வந்துவிட்டார். ஐம்பது! விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் கைலி கட்டிவிட்டாலும் இவ்வளவு போகாது.

9 நவம்பர்
யார் செய்த வேலை இது? நான்தான். போன பெருநாளுக்குச் சரக்குப் பற்றாமல், கேட்டவர்களுக்கெல்லாம் பாதி கொடுத்தேன். இப்போது இரண்டு மடங்கு கேட்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பெண்கூட இத்தனை சீக்கிரம் பாடம் பிடித்ததில்லை.

10 நவம்பர்
இருவருக்கும் சீட்டு அனுப்பினேன்: "கேட்டது முழுவதும் தருகிறேன். திருப்பி வாங்கமாட்டேன்."

அரை மணியில் சீனி முகம்மது, மூச்சு வாங்க. "டீச்சரம்மா, முழுசுமா? என்னா இது! பதினெட்டுப் போதும்!" பின்னாலேயே அலாவுதீன். அவருக்கு இருபத்திரண்டு. சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொள்ள என்ன பாடு!

ஆக, நாற்பது. அண்ணனுக்கு எண்பது என்று எழுதினேன். அவர் எப்போதும் பாதிதானே அனுப்புவார்.

11 டிசம்பர்
கப்பல் வந்தது. எண்பது கட்டு. கூடவே கடிதம்: "கேட்டது முழுவதும் அனுப்பியிருக்கிறேன்."

12 டிசம்பர்
பி.ஏ. படித்தவள்!

14 டிசம்பர்
வேறு வழியில்லை. போய் உள்ளதைச் சொன்னேன். சீனி முகம்மது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்களுமா, டீச்சரம்மா!" எதிர்க்கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார் — பாவி மனுஷன்.

சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: எண்பதையும் உங்கள் இரண்டு கடையிலும் வைக்கிறேன், விற்காததைத் திருப்பித் தாருங்கள். ஆனால் தினமும் எத்தனை போனது என்று நிஜத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் தேங்கினால் மற்றதற்கு எடுத்துப்போவேன்.

"என் சரக்கு எதிர்க்கடைக்கா?" என்றார் அலாவுதீன்.

"என் சரக்கு" என்றேன்.

4 ஜனவரி 1934
நீலக்கட்டக் கைலி சீனி முகம்மது கடையில் தூங்குகிறது. எதிரே அதையே கேட்டு ஆள் நிற்கிறது. தெருவின் அகலம் இருபது அடி. அந்த இருபது அடிக்கு ஒரு மணி நேரம் கெஞ்சினேன்.

15 ஜனவரி
ரப்பர் விலை ஏறியிருக்கிறதாம். அக்கரைத் தோட்டங்களிலிருந்து கையில் காசோடு ஃபெரி ஃபெரியாக ஜனம். நான் அவ்வளவு சாமர்த்தியமாகப் பிடுங்கிய பதினெட்டும் இருபத்திரண்டும்கூட வெறும் பயந்த மனக்கணக்குத்தான். யாருக்குத்தான் தெரியும்? எனக்கா?

22 ஜனவரி
திரும்பி வந்தது ஏழு கட்டு. சாவி என் முந்தானையிலேயே இருக்கிறது. அடுத்த சரக்குக்கு அண்ணனுக்கு எழுதினேன்: முப்பது. முப்பதே.

2 பிப்ரவரி
அண்ணனிடமிருந்து தந்தி. "முப்பது கண்டேன். நிஜமாக எத்தனை?"