தண்ணீர் பதமாகும் வரை

மார்ச் 3

தொட்டி வந்துவிட்டது. கூடவே ஹீட்டர், அலை பம்பு, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஒரு வாளி கடலுப்பு, வெள்ளை மணல், காய்ந்த பாறைகள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இத்தனையும் அக்காவின் இரண்டு ஆரஞ்சு மீன்களுக்காக. அவள் வீட்டுத் தொட்டி மூலையில் கசிகிறது, தினமும் ஆள் பார்க்க வேண்டும். "அதுங்க ரெண்டும் உன் வீட்ல பத்திரமா சேந்தாதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்" என்கிறாள். இதய வால்வு. ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றிருக்கிறார் டாக்டர். அக்காவிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

மார்ச் 4

மீன் கடைக்காரர் குண்டைத் தூக்கிப் போட்டார். "உடனே மீனை விட்றாதீங்க சார். அழுக்கைத் தின்னுற நுண்ணுயிர் வளந்து தண்ணி பதமாகணும். அஞ்சாறு வாரமாவது ஆகும்."

என்னிடம் இருப்பது நாலு வாரம்.

மார்ச் 7

உப்பு கரைத்தேன். இருபது வருடமாக கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறேன். உப்புக்குக் கரண்டி எடுத்ததே இல்லை, நாக்குதான் அளவு. கடல் தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 12

தெரியவில்லை. கடைக்காரர் என் தண்ணீரில் ஒரு சொட்டை அளவுக் கருவியில் விட்டுப் பார்த்தார். "மீன் வளக்கப் போறீங்களா, கருவாடு போடப் போறீங்களா?"

எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு, சுத்திகரித்த தண்ணீர் ஊற்றி, கருவி வைத்து அளந்து மறுபடி கரைத்தேன். ஐந்து நாள் வீண். எனக்கு ஏன் இந்தத் திமிர்?

மார்ச் 16

நுண்ணுயிர் வளர ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன். அடர் ஊதா. நீலமாகும் வரை தண்ணீர் விஷம்தான்.

மார்ச் 19

அதே ஊதா. அக்காவுக்குப் போன் செய்தேன். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாள். "இன்னும் ஆகலையா? பரவால்லடா, ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லையாம்! தண்ணீர் தயார் என்று பொய் சொல்லிவிடலாமா? மீன் செத்துப்போனால்? அக்கா — ஐயோ, என்ன எழுதப் போனேன்.

மார்ச் 21

கடைக்காரரிடம் புலம்பினேன். அக்கா எத்தனை வருடமாக மீன் வளர்க்கிறாள் என்று கேட்டார். ஒன்பது என்றேன்.

"அப்புறம் என்ன சார்? அவங்க தொட்டியிலேர்ந்து ரெண்டு பாறை எடுத்து இதுல போட்டா அந்த நுண்ணுயிரெல்லாம் கூடவே வந்துடும். ஒரு வாரத்துல வேலை முடிஞ்சிடும். ஒன்பது வருஷம் வளத்தவங்களுக்கு இது தெரியாம இருக்காதே?"

வெளியே வந்து வெகுநேரம் வண்டியை எடுக்கவே தோன்றவில்லை.

மார்ச் 22

அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். கத்திவிட்டேன் என்பதுதான் உண்மை. என்னை என்ன கேணயன்னு நெனச்சியா, மூணு வாரமா ஒழுங்கா ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு — இன்னும் என்னென்னவோ.

அக்கா கசிவைத் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "தெரியும்டா. மயக்க மருந்து குடுத்தா திரும்ப முழிப்பேனான்னு பயமா இருக்கு. உன் தண்ணி லேட்டாகணும்னு தினம் நெனச்சேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா" என்றேன்.

கிளம்பும்போது அவளே முழங்கை வரை கையை விட்டு இரண்டு பாறைகளை எடுத்து என் வாளியில் வைத்தாள். "காயவிட்றாத. தண்ணிக்குள்ளயே கொண்டு போ."

மார்ச் 28

நீலம்.

மார்ச் 30

காலையில் மீன்களைக் கொண்டுவந்து விட்டேன். மாலையில் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சம்மதப் படிவத்தில் என் கையெழுத்துதான் கோட்டைத் தாண்டிக் கோணிக்கொண்டு போனது. அக்கா காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 31

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மணி பன்னிரண்டரை. யாரும் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 5

அக்காவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தாள், சூடில்லை என்று நர்ஸைக் கடிந்துகொண்டாள். மீன்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் வந்தபோது மட்டும், எத்தனை நாள் கழித்து மூணு மாடி ஏறலாம் என்று கேட்டாள்.

"லிஃப்ட் இல்லாத வீடா இவங்களுக்கு?" என்றார் டாக்டர் என்னிடம்.

அவள் வீடு தரைத்தளம். மூன்றாம் மாடியில் இருப்பது நான்.