உத்தரவு இல்லாமல் சாப்பிடாதவர்

சிஸ்டரம்மா, போன வெள்ளிக்கிழமை கான்வென்ட் சமையலறையில், களி கிண்டும் துடுப்பைப் பிடித்தபடியே விழுந்து செத்துப்போனீர்கள். வயிற்றில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்றார் கம்பவுண்டர். அதைத் தவம் என்று சொல்லி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இன்று காலை உங்கள் கான்வென்டிலிருந்து காலிச் சாக்குகள் வந்தன. ஓட்டை அடைக்காமல், உதறாமல், அப்படியே சுருட்டிப் போட்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் முதல் தடவை. நீங்கள் அனுப்பினால் என் சாக்கு புதுச் சாக்காக அல்லவா திரும்பி வரும்!

தருமபுரி சந்தையில் என் மண்டிக்கு முதன்முதலாக நீங்கள் வந்தது நினைவிருக்கிறது. மேல்மூட்டையைத் தொடவே இல்லை. அடிமூட்டையில் கைவிட்டு ராகியை அள்ளி, ஊதி, நாலு மணியைக் கடித்தீர்கள். "மேல ஒன்னு, கீழ ஒன்னு வெக்கற கடையா இது, மண்டிக்காரரே?" என்றீர்கள். ஏமாறாத ஆள் என்று அன்றைக்கே மதித்தேன். அந்த மதிப்பு, ஈஸ்டருக்கு முன்னால் நீங்கள் விரதம் இருக்கிற அடுத்த தவசுகாலம் வரைக்கும்தான் நின்றது.

"ஒரு வாய் மோர் குடிங்க சிஸ்டரம்மா, வெயில் மண்டையப் பொளக்குது."

"இன்னைக்கு ஒருசந்திங்க. மத்தியானம் ஒருவேளதான்."

"அந்த ஒருவேளையாச்சும் உங்க வயித்துக்குப் போவுதா?"

சிரித்தீர்கள். "எங்க கான்வென்ட் மதர் சாப்புடுன்னு உத்தரவு போட்டா சாப்புட்டே ஆவணும். போடாத வரைக்கும் என் இஷ்டம்."

"நல்ல சட்டம்! எங்க வூட்டு எருமைகூட யாரும் சொல்லாமயே திங்குது."

அதற்கும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதுதான் என் புத்தி. உங்களைச் சாப்பிடவைக்கிற சாவி இருக்கிற இடத்தை நீங்களே சொன்னீர்கள். நான் நையாண்டி பண்ணிவிட்டு அடுத்த மூட்டையை நிறுக்கப் போனேன்.

பட்டினி எனக்குத் தெரியும். நான் வத்தல்மலையிலிருந்து இறங்கி மூட்டை தூக்க வந்தவன். என் தம்பி அங்கே பசியில் செத்தபோது அவனுக்கு ஆறு வயது. கைக்குக் கிடைத்த தழையையெல்லாம் தின்று பார்த்தான். அவனைப் புண்ணியவான் என்று ஒருவரும் சொல்லவில்லை. சோறு இருக்கிற வீட்டில் உட்கார்ந்து பட்டினி கிடப்பதை எப்படி நான் கும்பிடுவது? பசித்தவனைக் கேலி செய்கிற காரியமாகத்தான் அது எனக்குப் படுகிறது. மற்ற சிஸ்டர்களை விடுங்கள். அடிமூட்டை பார்க்கத் தெரிந்த உங்களுக்குமா இது தெரியவில்லை?

அடக்கத்தன்று சமையல்கட்டிலிருந்த சின்ன சிஸ்டர் விக்கி விக்கிச் சொன்னாள்: "அவங்க பங்கு களி உருண்டைய தெனமும் புள்ளைங்க தட்டுல வெச்சிருவாங்க. கேட்டா, சாப்புட்டேன்னு தலையாட்டுவாங்க." இந்த யுத்தகால விலைவாசியில் அநாதைப் பிள்ளைகளுக்குக் களி போதாதென்றால் என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்? பேரம் பேசத் தெரியாதவரா நீங்கள்? தலையாட்டிப் பொய் சொல்வது மட்டும் உங்கள் சட்டத்தில் உண்டா?

நேற்று மதரைப் பார்க்கப் போனேன்.

"அவங்க செஞ்ச தவம் எங்களுக்கே தெரியாதுங்க" என்றார்.

"தெரியலீன்னா அப்பறம் நீங்க என்னத்துக்கு மதரு?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வெளியே போ என்று சொல்லவில்லை. சின்ன சிஸ்டர் காபி கொண்டுவந்து வைத்தாள். மணிக்கட்டு துடைப்பக்குச்சி மாதிரி இருந்தது. நான் மதரைப் பார்த்தேன், மதர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகுதான் பேச்சு நடந்தது.

உங்கள் தவத்தின் மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை கிடையாது, சிஸ்டரம்மா. நீங்கள் அன்று வாய்தவறிச் சொன்ன அந்தச் சட்டம் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேசி முடித்தது இது: யுத்தம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், கான்வென்டுக்கு ராகி என் கொள்முதல் விலைக்கே, வண்டிக்கூலி என்னுடையது. பதிலுக்கு, சமையல்கட்டில் நிற்கிற சிஸ்டர் யாரானாலும், ஒருசந்தி நாளிலும் தன் பங்கு உருண்டையை மதர் உத்தரவின்படி, மதரின் கண்ணெதிரே, முழுதாகத் தின்ன வேண்டும். ஒருநாள் தவறினால், அந்த மாதம் சந்தை விலை.