கனகா ஏன் கதவைத் திறக்கவில்லை

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பனிமூட்டம். ஷூட்டிங் பங்களாவின் வாசல் கேட் உள்ளேயிருந்து பார்த்தால் தெரியவில்லை. லென்ஸைத் துடைத்துத் துடைத்தே கேமராக்காரர் அலுத்துப்போனார். பத்து மணிக் காட்சி பன்னிரண்டுக்கு.

செய்ய வேண்டியவை: நாளைய நான்கு காட்சிகளுக்கு வசனம். அத்தாவுக்குப் பிரஷர் மாத்திரை. குடைக்கம்பி.

ஒன்றும் நடக்கவில்லை. டைரக்டர் மோகன் சார் கூப்பிட்டுக் குண்டைப் போட்டார். எங்கள் பேய்த் தொடரில் நிலாவைக் கொன்றது கனகா என்று சேனலில் முடிவாகிவிட்டதாம். செத்து ஆவியாக வந்து நியாயம் கேட்கிற நிலா. அவளுக்காக நூறு எபிசோடாக அழுதுகொண்டிருக்கிற உயிர்த்தோழி கனகா. அத்தனை அழுகையையும் எழுதியது நான். இப்போது அவள் கொலைகாரி!

“ஏன் சார் கொன்னா?”

“பொறாமைம்மா. நிலாவோட புருசன் மேல ஒரு கண்ணு.”

“இத்தனை எபிசோடுல அவ அந்த ஆளை நிமிந்துகூடப் பாத்ததில்லையே.”

“பேய்க் கதைல லாஜிக் கேக்குறியே ஷமீமா.”

“பேய்க்கு வேண்டாம் சார். மனுசிக்கு வேணும்.”

சிரித்துவிட்டு மானிட்டர் பக்கம் போய்விட்டார்.

கனகாவாக நடிப்பது புவனா. காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை, பதினெட்டு வருடச் சிநேகம். இந்தத் தொடருக்குள் அவளைக் கொண்டுவந்ததே நான்தான். செய்தி கேட்டால் உடைந்துபோவாள் என்று மதியச் சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னேன். தயிர்ச்சோற்றிலிருந்து தலை எடுக்கவில்லை. “ம்” என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

தூறல். காற்று. ஜெனரேட்டர் இரண்டு தடவை நின்றது.

புவனாவுக்காகப் பேசலாம் என்று போனேன். ஊரே அவளைத் திட்டும், கடைத்தெருவில் நடக்க முடியாது, பாவம் சார் என்றேன். மோகன் சார் டீயை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“உனக்குத் தெரியாதா? புவனாவே வந்து கேட்டுச்சும்மா. போன மாசமே.”

நேராகப் புவனாவிடம் போனேன்.

மேக்கப் அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். ஒட்டன்சத்திரத்துக் குரல் அப்படியே வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் வரும்.

“நல்லவளாவே இருந்தா இன்னும் ரெண்டு வாரத்துல போட்டாவுல மாலையப் போட்டு முடிச்சிருவாக. வில்லின்னா கடைசி வரைக்கும் வேணும். எனக்குச் சோலி வேணும்டி.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மாட்டேம்ப.”

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

வெளியே உதவி இயக்குநர் “வெரசா வாங்க மேடம், லைட் போகுது” என்று தட்டிக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது திரும்பினாள்.

“ஒனக்குக் கனகா மேல இருக்குற பாசம் எம்மேல இல்ல ஷமீமு.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். முழங்கால் வரை சேறு. அழவில்லை. அவளுக்காக அழமாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

எனக்கு ஷூட்டிங் இல்லை. பஜாரில் அத்தாவின் தைல, சாக்லேட் கடையில் உட்கார்ந்தேன். தைல வாசனையில் தலைவலி போகவில்லை, கூடியது. கன்னிவாடியிலிருந்து வந்து சாக்லேட் வாங்கிய அம்மா ஒருவரிடம் அத்தா பெருமையாக, “பேய் சீரியலுக்கு வசனம் எழுதுறது நம்ம பிள்ளதாங்க” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கனகா தங்கமான பிள்ளைங்க. அவளை ஒண்ணும் பண்ணிறாதீங்க.”

பார்சலில் இரண்டு சாக்லேட் அதிகமாகப் போட்டேன்.

பில் நோட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தவை. ஒருத்தி ஏன் தோழியைச் சாகவிடுவாள்:
பொறாமை (அடித்தாயிற்று)
புருசன் (அடி!)
சொத்து (யாருடைய சொத்து? இரண்டு பேருமே வாடகை வீடு)
பயம் (?)
கோபம். எதனால் கோபம்?

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. சாயங்காலம் கடை சாத்தும்போது ஞாபகம் வந்தது. வந்தது என்று எழுதுவது பொய். இருந்துகொண்டேதான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் வேறொரு தொடரில் புவனாவுக்கு ஒரு வில்லி வேடம். என் வழியாகத்தான் கேட்டார்கள். “அவளுக்கு ஒத்துவராதுங்க” என்று அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அவள் முகம் சாந்தமான முகம், கெட்டபேர் வந்துவிடும், நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று நானே முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை. அந்த வருடம் முழுக்க அவளுக்கு வேலை இல்லை.

இப்போது கனகாவைத் தெரிகிறது. சென்னையில் அவளுக்குக் கிடைத்த வேலையை நிலாதான் “உனக்கு ஒத்துவராது” என்று எழுதிப்போட்டுக் கெடுத்திருக்கிறாள், பாசத்தால். கனகாவுக்கு அது தெரியவந்த நாளில் மழை. நிலா வந்து கதவைத் தட்டுகிறாள். கனகா உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், திறக்கவில்லை. நிலா மூட்டத்தில் பின்பக்கமாகச் சுற்றி வரப் போய்ப் பள்ளத்தில் விழுகிறாள்.

கத்தி வேண்டாம். ஒரே மூச்சில் எழுதினேன், ஐந்து பக்கம்.

ஜூலை 11, வெள்ளி

வெயில்! ஒரு மணி நேரம்தான். துணி காயவில்லை.

மோகன் சார் ஐந்து பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

“நல்லாருக்கும்மா. ஆனா இதுல கொலையே இல்லையே. சேனல்ல கத்தி கேக்குறாங்க.”

“இதை எடுங்க. இல்லேன்னா என் பேரை எடுத்துருங்க.”

“பேரை எடுத்துட்டா வேற ஆளைக் கூப்பிடணும்.”

“கூப்பிடுங்க சார்.”

கூப்பிட்டார், என் கண் முன்னாலேயே. போனில் பேசியவருக்கு ஒரே சந்தோஷம். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேசியபோது குரல் நடுங்கவில்லை. அது போதும்.

அத்தா: “சோலி போச்சா?”

“போச்சுத்தா.”

“தப்பா ஏதும் பேசினியா?”

“இல்ல.”

“அப்ப கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது.”

ஐந்து பக்கத்தையும் போட்டோ எடுத்துப் புவனாவுக்கு அனுப்பினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய விஷயத்தையும் எழுதினேன். மன்னிப்பு கேட்கிற மாதிரி முதலில் எழுதி, அழித்து, நடந்ததை மட்டும் எழுதினேன். பார்த்துவிட்டாள். நீலக் குறி.

ஒரு மணி நேரம் கழித்து: “தெரியும். அப்பவே தெரியும்.”

தெரிந்துகொண்டே மூன்று வருடமாக என்னோடு சாப்பிட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

எபிசோடு ஃபைல்கள் என்னிடம் இருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனேன். பின்பக்கத் தோட்டத்தில் அந்தக் காட்சிக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. லைட்டுக்குப் பின்னால் நின்றேன்.

புது ஆள் எழுதியது: கனகா கத்தியோடு சிரிக்கிறாள், “அவர் எனக்குத்தான்!” என்கிறாள். தாள் புவனா கையில். ஆக்‌ஷன் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அவ தட்டினா. எனக்குக் கேட்டுச்சு. நிக்கட்டும்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் நிக்கட்டும். இத்தனை வருசம் வெளிய நின்னது நாந்தானே.”

என் வரி. ஒரு எழுத்து மாறவில்லை.

“கட்! புவனா, தாள்ல இருக்குறதச் சொல்லும்மா.”

இரண்டாவது டேக். அதே வரி.

“கட்! என்னம்மா வெளாட்டா?”

“கனகா அப்பிடிப் பேசமாட்டா சார்.”

“எழுதினவர் என்ன எழுதியிருக்காரோ அதத்தான் பேசணும்.”

“நூறு எபிசோடு இவளா இருந்தது நானு. வேற ஆள வச்சு எடுக்கணும்னா எடுத்துக்கங்க.”

பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம்தான் எடுக்க முடியும் என்று கேமராக்காரர் சொன்னார். மோகன் சார் தொப்பியைக் கழற்றினார், போட்டார். “போ, எடு” என்றார். மூன்றாவது டேக்கில் நிலாவாக நடிக்கிற பெண் அலற வேண்டிய இடத்தில் அலற மறந்து நின்றுவிட்டாள். அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

புவனா நேராக என்னிடம் வந்தாள்.

“ஒனக்காகப் பண்ணல.”

“தெரியும்.”

“வில்லியாத்தான் இருக்கப்போறேன். அதுல மாத்தமில்ல.”

“இரு.”

“எம்மேல கோவமா?”

“ஆமா.”

“எனக்கும் கெடக்கு. மூணு வருசமாக் கெடக்கு.”

வேன் ஹாரன். போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

மழை, வெள்ளனேயே. அத்தாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்று.

பதினோரு மணிக்கு மோகன் சார் போன். சேனலில் பார்த்தார்களாம். இடிச் சத்தம் சேர்க்கச் சொன்னார்களாம், வேறொன்றும் சொல்லவில்லையாம். “நாளைக்கு வந்துரும்மா” என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

“என் பேரு?”

“இருக்கும்மா, இருக்கு.” பிறகு இழுத்தார். அடுத்த வாரம் கனகா நிலாவின் ஆவி காலில் விழுந்து கதற வேண்டுமாம்.

“கனகா யார் கால்லயும் விழமாட்டா சார்.”

பெருமூச்சு கேட்டது. “யோசிச்சு எழுது” என்று வைத்துவிட்டார்.

ஐந்தே நிமிடத்தில் அடுத்த போன். புவனா.

“கனகா கால்ல விழமாட்டான்னு சொல்லிட்டியாமே?”

“ஆமா.”

“எங்கிட்டக் கேட்டியா?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடையில் கூட்டம், அத்தா சில்லறை கேட்கிறார், மழை தகரத்தில் அடிக்கிறது.

“கேக்கல. இப்பக் கேக்குறேன். விழுவியா?”

“மாட்டேன்” என்று வைத்துவிட்டாள்.