மன்னரின் தாடை எலும்பு தந்த சாட்சி

ஏழ் ஏரியும் நிறைக. எல்லைக் காவல் தளராது நிற்க. நெடுங்கரை நாட்டு அரசமாதேவியார் திருவாணைப்படி, தலைமை அமைச்சன் வேண்மான் சாத்தன், பாழிக்குன்றக் கோட்டைத் தலைவரும் போரில் புறங்காட்டாதவருமான மள்ளன் கீரனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் நலம் பெறுக.

மாமன்னர் இளம்பெருவேள் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்றும், கடைசி மருந்துக் கிண்ணத்தை நீட்டிய பல் மருத்துவி இயக்கியை வரும் முழுநிலா நாளில் கழுவேற்றுக என்றும் தங்களுக்கு முன்னர் வந்த ஓலை பொய். அதை எழுதியவனும் இச்சாத்தனே.

சென்ற ஆடியில் மன்னரின் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை விழுந்து வலித்தது. உடனே பிடுங்கிவிட வேண்டும் என்றாள் இயக்கி. உறுப்பில் ஒன்று குறைந்தாலும் மன்னர் அரியணை நீங்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. அவர் நீங்கினால் அமைச்சன் பதவியும் உடன் போகும். ஆகவே சாத்தன் வாய் கூசாமல் மறுத்தான். ஒரு திங்களில் வலி தானாக நின்றது. கோயில் தோறும் விளக்கேற்றச் செய்து, அவையோர் நடுவே மருத்துவியை ஏளனமும் செய்தான் அவ்வறிவாளன்.

அவளோ சினவாது விளக்கினாள். வலி நின்றது நோய் தீர்ந்ததால் அன்று, பல் உள்ளே செத்ததால் என்றாள். செத்த பல்லின் அழுகல் வேர்நுனி வழியே கசியும் என்றும், அது மேலும் பரவாமல் தடுக்க உடல் தானே அங்கே குருதியையும் வெம்மையையும் குவிக்கும் என்றும், வேர் உள்ளவரை அழற்சி அணையாது என்றும், காக்க வந்த அவ்வழற்சியே திங்கள் பல நின்று சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும் என்றும் கூறினாள். சாத்தன் கேட்டான், கேட்டும் கேளாதவன் போல் இருந்தான்.

தை பிறந்ததும் மன்னரின் தாடை வீங்கிற்று. வீக்கம் கழுத்துக்கு இறங்கி, நா மேலெழும்பி, மூச்சு அடைத்து இரண்டே நாளில் மாண்டார். இருபத்து மூன்று வயது. பழி தன்மேல் விழும் என நடுங்கிய சாத்தன் அதை மருத்துவியின் தலையில் கட்டினான்.

மன்னர்க்கு மகன் இல்லை. எனவே எலும்பு பொறுக்கும் சடங்கில் சாத்தனே சாம்பலில் கைவைத்தான். கீழ்த்தாடை கையில் அகப்பட்டது. பிற பற்களின் வேர்களை எலும்பு இறுகப் பற்றியிருந்தது. அந்த ஒரு பல்லின் வேர்நுனியைச் சுற்றி மட்டும் சுண்டைக்காய் அளவுக்குக் குழி, விளிம்பு வழவழப்பாக. ஒரு நாளில் உண்ட நஞ்சு எலும்பில் இப்படிக் குழி பறிக்காது. அரை ஆண்டாய்ப் பறிபட்ட குழி அது. சாத்தன் அங்கேயே அமர்ந்து அழுதான், பின் அவ்வெலும்பைத் தேவியார் திருமுன் வைத்து யாவும் ஒப்புக்கொண்டான்.

ஆகவே, ஓலை வாசித்த மாத்திரத்தில் இயக்கியின் விலங்கை அறுக்க. அவள் நிலமும் மனையும் மீள அளிக்க. நாடறிய அவள் குற்றமிலாள் எனப் பறையறைக. கழுமரத்தைப் பிடுங்க வேண்டா. மன்னரின் சாவுக்குக் காரணமானவர் முழுநிலா நாளில் கழுவேற வேண்டும் என்ற தேவியார் தீர்ப்பு மாறவில்லை.

பிறர் கையில் கொடுத்தால் ஓலை பிந்துமோ என அஞ்சி அமைச்சன் தானே குதிரை ஏறினான். மருத்துவியின் முகத்தை நோக்கும் துணிவு அவனுக்கு இல்லை. அவள் கோட்டை வாயில் கடந்த பின்னரே அவனை உள்ளே கொண்டு செல்க.

தேவியாரின் நாரை முத்திரை இட்டது. இவ்வோலையை நீட்டித் தங்கள் முன் நிற்பவன் வேண்மான் சாத்தன், அவனைக் கட்டுக.