பாதி மீசை

ஆகஸ்டு 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடை வாசல் ஐந்தடிப் பாதையில் தண்ணீர் ஏறி நாற்காலிக் கால்களெல்லாம் நனைந்துவிட்டன. வந்த வாடிக்கை இரண்டே பேர். ஒருவர் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தலைமுடி கொஞ்சம், பேச்சு அதிகம்.

வாங்க வேண்டியது: படிகாரம், சோப்பு, கத்தி தீட்டுகிற தோல்வார், சங்கத்துக்கு மை.

மாலை சங்க மாடியில் நல்ல கூட்டம். தீர்மானம் போட்டதிலிருந்து இங்கே பிரிக்பீல்ட்ஸிலும் சரி, கிள்ளானிலும் சரி, நம் சவரத் தொழிலாளி ஒருவன்கூடச் சாவு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மொட்டை அடிப்பதில்லை, சங்கு ஊதுவதில்லை. கடைக்கு வந்தால் "அண்ணே, கொஞ்சம் பாத்து வெட்டுங்க" என்பார்கள். பிணம் விழுந்தால் சாதிப் பெயரைச் சொல்லி "ஏய்". கூலிக்குக் கொல்லைப்புறம் நிற்க வேண்டும். இனி அவர்களே அடித்துக்கொள்ளட்டும். செந்தூலில் ஒரு வீட்டில் தாய்மாமனே கத்தி எடுத்திருக்கிறார். கொள்ளி வைத்த பையன் தலை முழுக்கக் காயமாம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தீர்மானத்தில் ஒவ்வொரு வரியும் செகரட்டரி நான் எழுதியது. தலைவர் சிங்காரத்துக்குக் கையெழுத்துப் போட வரும். அவ்வளவுதான்.

ஆகஸ்டு 6, வியாழன்

நல்ல வெயில். தலையில் இடி.

வேலு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறான். என் தங்கை செல்லம்மாவின் புருஷன். கடை என் கடைக்கு நேர் எதிரே. மாட்டுவண்டிக்கார முத்துவின் தாய் இறந்துபோக, முத்து ஈர வேட்டியோடு வந்து இவன் கடை வாசலில் நின்று அழுதானாம். இவன் கத்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பட்டப்பகலில். பெட்டியின் மேல் ஒரு துண்டைக்கூடப் போடவில்லை.

போய்க் கேட்டேன்.

"என்ன மாப்ள, போனீங்களாமே?"

"தப்புதான் மச்சான். முத்து அழுதான், மனசு கேக்கல. கூட்டத்தில வைங்க. என்ன குடுக்கிறாங்களோ வாங்கிக்கிறேன்."

சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். இந்தப் பணிவைக் கண்டால் எனக்கு ஆகாது.

தலைவர் சொன்னது: "தங்கச்சி புருஷன்னு விட்டீங்கன்னா, நாளைக்கி அத்தன பேரும் போவான் லா." என்னைச் சீண்டத்தான். சீண்டட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும்.

ஆகஸ்டு 9, ஞாயிறு

பொதுக்கூட்டம். படிக்கட்டு வரை ஆள். கிள்ளான்காரர்கள் காலை ரயிலில் வந்துவிட்டார்கள்.

விதிப்படி விலக்கு. அதாவது, உறுப்பினர் எவரும் வேலு மேல் கத்தி வைக்கக் கூடாது, அவன் நாற்காலியில் உட்காரக் கூடாது. இது போதாது என்றேன் நான். காகிதத்தில் இருக்கும் தண்டனை யாருக்குத் தெரியும்? முகத்தில் தெரிய வேண்டும். பாதி மீசையை எடுத்துவிட்டு அப்புறம் விலக்கி வைப்போம் என்றேன். கூடமே விசில் அடித்தது.

கை தூக்கச் சொன்னோம். எல்லாக் கையும் மேலே. வேலுவின் கையும். "ஏகமனதாக" என்று எழுதினேன். பொய் இல்லை.

எடுத்தவனும் நானே. இடது பக்கம். சோப்புப் போடவில்லை, வெறும் தண்ணீர். மூக்குக்கு நேர் கீழே நூல் பிடித்த மாதிரி நின்றது கோடு. தொழிலில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அவன் கண்ணை மூடவே இல்லை. மூச்சு மட்டும் என் விரல் மேல் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு எல்லோருக்கும் கோப்பி. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கப் போகிறேன்.

ஆகஸ்டு 10, திங்கள்

நான் நினைத்தது: காலையில் மீதியையும் மழித்துவிட்டு, அப்பனைப் பறிகொடுத்தவன் மாதிரி வருவான். ஒரு வாரம் கேலி. பிறகு முடி வளரும், கதை முடியும்.

அவன் மழிக்கவில்லை. பாதி மீசையோடு கடையைத் திறந்து, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். தெருவே நின்று பார்க்கிறது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன வேலு, அப்பா பாதிதான் செத்தாரா?" என்றார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். நல்ல கேலிதான்.

தோல்வார் கிடைத்தது. மட்டமான சரக்கு.

ஆகஸ்டு 13, வியாழன்

இன்னும் அப்படியே இருக்கிறான். மழித்த பக்கத்தில் முளைக்கிற முடியைத் தினமும் வாசலில் உட்கார்ந்து, கண்ணாடி வைத்து, பதமாக எடுக்கிறான். கோடு கலையாமல்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "சங்கத்தில எடுத்தாங்க." யார் என்றால், "செகரட்டரி. எம் மச்சான்தான். நல்ல கை." கோபத்தோடு சொன்னால் எனக்குப் பரவாயில்லை. பாராட்டுகிற மாதிரி சொல்கிறான்.

கிராணி என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மீசப் பக்கம் வராதீங்க லா, பாதியில நிறுத்திருவீங்க" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. வழக்கமாக வருகிற மேஸ்திரி, சீனன் சவரக் கடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

தெருவைத் தாண்டிப் போனேன்.

"மாப்ள, எடுத்துத் தொலைங்க. கூத்தாயிருச்சு."

"சங்கம் பாதின்னுதான மச்சான் சொல்லுச்சு? முழுசா எடுத்தா தீர்மானத்த மாத்தினதா ஆயிரும்."

"சரி, உக்காருங்க. நான் எடுத்துவிடறேன்."

"நீங்க எப்படி? உறுப்பினர் எம்மேல கத்தி வைக்கக் கூடாதே. நீங்கதான எழுதினீங்க."

கிண்டலா, நிஜமா? தெரியவில்லை. அந்த முகத்தில் ஒரு பக்கம் ஒன்று சொல்கிறது, மறுபக்கம் இன்னொன்று.

சாயங்காலம் செல்லம்மா வந்தாள். உட்காரவில்லை.

"பாசார்ல மீன்காரன்கூட எனக்குப் பாதி மீன் போதுமான்னு கேக்கிறான் அண்ணே."

"சங்கம்னா சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

"அம்மா இருந்தா உங்க கையில கத்தியே குடுத்திருக்க மாட்டா. இனிமே எம் வீட்டுப் படி ஏறாதீங்க."

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்டு 16, ஞாயிறு

செ.கு. கூட்டம். செயற்குழு என்று பெயர், வெற்றிலைக் குழு என்று வைத்திருக்கலாம். விலக்கை நீக்கி மீசைக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று நானே முன்மொழிந்தேன். இரக்கத்தால் அல்ல. வாடிக்கை ஓடுகிறது.

தோற்றேன். "இருக்கட்டும் செகரட்டரி, வேடிக்க நல்லாத்தான இருக்கு" என்றார் கிள்ளான் உறுப்பினர். பெண்டாட்டி பிள்ளைகளை ரயிலில் அழைத்து வந்து காட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்கு ஏறியிருக்கிறார். மற்றவர்களும் சிரித்தார்கள். இந்தக் கழுதைகளுக்கு ருசி காட்டியவன் நான்தான். யாரைத் திட்டுவது?

வேறு: பத்துமலைக் கோயில் அன்னதான உதவிக்கு ஆள் அனுப்புவது. யாரும் பெயர் கொடுக்கவில்லை.

ஆகஸ்டு 19, புதன்

காலையில் செய்தி. கிள்ளான் மொத்த வியாபாரியின் தாயார் போய்விட்டார். சங்கம் இருக்கும் மாடி அந்த வியாபாரியின் கட்டடம்.

அவர் மோட்டார் நேரே நம் தெருவுக்கு வந்தது. முதலில் நின்றது வேலு கடையில். விலக்கி வைத்த ஆள்தானே, கூப்பிட்டால் ஓடி வருவான் என்ற கணக்கு. கணக்கப்பிள்ளை இறங்கிப் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"வாப்பா. உன்னத்தான் தள்ளி வெச்சிட்டாங்களே, இனி யாரு கேக்கப் போறா?"

"நான் வரல ஐயா. வரக் கூடாதுன்னு நானும் கை தூக்கியிருக்கேன்."

"வண்டிக்காரனுக்கு மட்டும் போனியே?"

"போனேன். அதுக்குத்தான் இது" என்று மீசையைத் தொட்டுக் காட்டினான். பிறகு உள்ளே போய்த் தரையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டான்.

மோட்டார் தலைவர் வீட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் தலைவர் அதிலேயே என் கடைக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஆள் வரலன்னா மாடிய காலி பண்ணுங்கறார் கட்டட மொதலாளி தவுக்கே. சங்கமே இல்லன்னா தீர்மானத்த வெச்சு என்ன செய்ய? ஒரே ஒரு தடவ. நமக்குள்ள."

"நீங்க போங்க."

"எனக்குக் கை நடுங்கும். பெரிய வீடு. உங்க கைதான் வேணும்."

வாயால் விதிவிலக்கு ஒன்று செய்துகொண்டோம். குறிப்பில் ஏற்றவில்லை. மாடி இல்லாமல் சங்கம் இல்லை, இதைக் குழந்தைக்குச் சொன்னாலும் புரியும். ஏறினேன். பின்னால் இடம் காலி, ஆனாலும் ஓட்டுநர் பக்கத்தில்தான் உட்காரச் சொன்னார்கள். பெட்டி மடியில். நம் தெருவைத் தாண்டும் வரை தலையைக் குனிந்துகொண்டேன்.

கிள்ளானில், "ஏய், இங்க எங்க வரே? பின்பக்கம் போ." சொன்னவன் நம் கிள்ளான் கடைகளில் "அண்ணே, அண்ணே" என்று குழைகிற பையன். மகன்களுக்கு மொட்டை, பிறகு பேரன்களுக்கு. சங்கு ஊதத் தெரியாது என்றேன். தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊதினேன். கன்னம் இன்னும் வலிக்கிறது.

தலைவருக்கு வரத் தோதுப்படவில்லையாம். தலைவலி.

ஆகஸ்டு 20, வியாழன்

மப்பு. மழை வரும் போல இருந்து வரவில்லை. கடையைத் தாமதமாகத் திறந்தேன். கிராணி வந்து பத்திரிகையை விரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேர்.

எதிர்க்கடையிலிருந்து வேலு எழுந்து தெருவைத் தாண்டினான். உள்ளே வந்தான். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, துணியைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டு, தாடையை நிமிர்த்தினான்.

"மீதிய எடுத்துவிடுங்க மச்சான்."

"விலக்கு இருக்கு மாப்ள. நான் தொட முடியாது."

"அது உறுப்பினருக்குத்தான? சாவு வீட்டுக்குப் போனவன் உறுப்பினர் இல்ல. நீங்க தொடலாம்."

மெதுவாகத்தான் சொன்னான். கிராணி பத்திரிகையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

எடுத்தேன். உதட்டோரம் வெட்டு விழுந்துவிட்டது.