தாய்மாமன் மடி

ஞாயிறு, இரவு

இன்று திண்டிவனத்தில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மூத்த தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காக நேற்று மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். மலத்துக்காக வயிற்றில் ஒட்டியிருக்கும் பை நிறைந்துவிடக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. அதனால் விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

புது வேட்டியோடு மணையில் உட்காரப் போனேன். தங்கச்சி ஓடிவந்து காதோரம் சொன்னாள்: "அண்ணா, நீ சேர்ல உக்காந்துக்கினு பாரு. கொழந்த உதைச்சி பை பிச்சிக்கினா பேஜாராப் பூடும். நாலு பேரு இருக்கற எடம். சின்னண்ணன் வெச்சிக்கட்டும்."

"நேத்துலேர்ந்து பட்டினி கெடக்கறேம்மா" என்றேன். அதற்குள் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. தம்பியின் பட்டு வேட்டி முழுக்க மூத்திரம் பெய்தது. பந்தலே சிரித்தது. "மாமனுக்கு அபிஷேகம் ஆயிடுச்சி" என்று தங்கச்சி கைதட்டினாள். ஒருத்தரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அவன் அந்த ஈரத்தோடேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

என்னையும் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பை காலியாக, அத்தனை சுத்தமாக இருந்தது. இதை யாரிடம் போய்க் காட்டுவது?